காட்டுக்குள்ளே வேண்டாம், ஏரிக்கரை போதும்

புலி காட்டுகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லி முதுமலைக்கு வண்டி கட்டும் குடும்பங்களில் பெரும்பாலானவை புள்ளிமானையும் மயிலையும் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புகின்றன. இதில் யாருடைய குறையும் இல்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுவதற்குமாக இருப்பவை ஏறத்தாழ 306 புலிகள். முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு-முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை என்று ஐந்து புலிகள் காப்பகங்களிலும் அவற்றை ஒட்டிய காடுகளிலும் அவை பரந்து வாழ்கின்றன. மனித வாடை பட்டாலே ஒதுங்கிப்போகும் இயல்பு அவற்றுக்கு. வனத்துறை வண்டியில் ஒரு மணி நேரம் சுற்றுபவர் கண்ணில் ஒரு புலி படுவது தற்செயல். அதை நல்ல வெளிச்சத்தில் படமும் எடுத்துவிடுவது அதைவிட அரிய தற்செயல். ஆனாலும் காட்டுயிர் என்றதும் நம் மனம் புலியையும் யானையையும் தேடி ஓடுகிறது. கூடாரம் என்றதும் நடுக்காட்டில் மூட்டிய நெருப்பைக் கற்பனை செய்கிறது. இந்த இரண்டு கற்பனைகளையும் சற்றுத் தள்ளிவைத்துப் பார்த்தால், குடும்பத்தோடு வெட்டவெளியில் தங்கிப் படமெடுக்க ஏற்ற இடம் நமக்கு மிக அருகிலேயே இருப்பது தெரியும். ஏற்ற இடம் ஏரிக்கரை; ஏற்ற உயிர் பறவை; ஏற்ற காலம் மார்கழியும் தையும்.

கூடாரம் எதற்கு?

இந்தக் கேள்விக்குச் சாகசத்துக்கு என்று பலர் பதில் சொல்வார்கள். படமெடுக்கப் போகும் குடும்பத்துக்கு அதன் பயன் வேறு. அது நேரத்தைச் சம்பாதித்துத் தருகிறது. பறவைகள் பகல் முழுவதும் ஒரே சுறுசுறுப்போடு இருப்பதில்லை. இரவெல்லாம் இரையின்றி இருந்த பறவை விடிந்ததும் முதல் வேலையாக உணவு தேடுகிறது. அடிக்கடி பறக்கிறது, குரல் கொடுக்கிறது, கரையோரமாக வருகிறது. வெயில் ஏறினால் நிழலில் அடங்கிவிடுகிறது. வெயில் தாழ்ந்த பிறகுதான் மறுபடி நடமாட்டம். ஆக, படமெடுப்பவருக்கு உண்மையிலேயே உதவும் நேரம் ஒரு நாளில் விடிந்த பின் இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன் ஒன்றரை மணி நேரமும்தான். சென்னையிலிருந்து வேடந்தாங்கல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பிள்ளைகளை எழுப்பி, கிளப்பி, இட்லியைக் கட்டிக்கொண்டு ஆறு மணிக்குப் புறப்படும் குடும்பம் ஏரிக்கரையில் இறங்கும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். பகலெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரவேண்டும் என்று நான்கு மணிக்கே கிளம்பிவிடும். நல்ல நேரம் இரண்டும் கைநழுவிப் போக, நடுவில் உள்ள உதவாத நேரம் மட்டுமே மிஞ்சுகிறது. பக்கத்து ஊரில் ஓரிரவு தங்கினால் ஒரு மாலையும் ஒரு விடியலும் முழுதாகக் கிடைக்கும். இரண்டு இரவு தங்கினால் முதல் நாள் கற்றதை மறுநாள் செய்து பார்க்கவும் முடியும்.

அந்தி நேரத்து வேடந்தாங்கலைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பகலில் சுற்றுவட்டார வயல்களிலும் ஏரிகளிலும் மேய்ந்த நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து மரங்களில் இறங்குகின்றன. அதே நேரத்தில், பகலெல்லாம் கிளைகளில் தூங்கி வழிந்த வக்காக்கள் இரை தேடக் கிளம்புகின்றன. ஆலையில் ஷிப்ட் மாறுவதுபோல ஒரு கூட்டம் உள்ளே வர, இன்னொரு கூட்டம் வெளியே போகிறது. விடியற்காலையில் இதுவே தலைகீழாக நடக்கும். பறக்கும் பறவையைப் படம் எடுக்கப் பழகுபவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் இல்லை. ஒன்று தவறினாலும் அடுத்தது பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். நண்பகலில் வருகிறவர்கள் பார்ப்பது மரங்களில் அசையாமல் நிற்கும் வெள்ளைப் புள்ளிகளைத்தான். பறவை பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று சலித்துக்கொள்ளும் பலரும் அந்த நேரத்தில் போய் வந்தவர்களாகவே இருப்பார்கள்.

வெளிச்சத்தின் கணக்கும் இதையே சொல்கிறது. உச்சிவெயிலில் பறவையின் தலையும் முதுகும் வெளுத்துப்போய், கண்ணும் வயிறும் நிழலில் மறைந்துவிடுகின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போது இறக்கையின் அடிப்புறம்வரை வெளிச்சம் புகும். கண்ணில் ஒரு சிறு ஒளிப்பொட்டு தெரியும். பறவைப் படத்துக்கு உயிர் கொடுப்பது அந்தப் பொட்டுதான். இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்பது மணிக்குமேல் தரையும் கரையும் சூடேறத் தொடங்கியதும் காற்று அடுக்கடுக்காக அலையத் தொடங்குகிறது. சாலையில் தெரியும் கானலேதான் இது. இந்த அலைவின் வழியாக எடுக்கும் படம், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸானாலும், கலங்கியே விழும். தூரம் கூடக் கூடக் கலக்கமும் கூடும். அதே சூடான காற்றைப் பிடித்துத்தான் கூழைக்கடாக்களும் நாரைகளும் முற்பகலில் வட்டமிட்டு உயரே ஏறிப்போய்விடுகின்றன. ஆகவே, லென்ஸுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இரவுத் தங்கலுக்குச் செலவழித்தால் படம் அதைவிட அதிகமாகத் தேறும்.

நடுக்காட்டில் ஏன் கூடாது?

கூடாரத்தின் பயன் நேரம்தான் என்றால், அது நடுக்காட்டில் இருக்கவேண்டிய தேவையே இல்லை. அங்கே இருக்கக் கூடாது என்பதற்கும் வலுவான காரணங்கள் உள்ளன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் பொதுமக்கள் நுழைவதற்கே அனுமதி வேண்டும். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது குற்றம். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், நடந்தவை போதுமான எச்சரிக்கை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்க வந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அதே மாதம் மசினகுடியில், தங்கும் விடுதியருகே வந்த ஒரு யானைமீது எரியும் பொருளை வீசினார்கள். காயம்பட்டிருந்த அந்த யானை இறந்துபோனது. ஓரிடத்தில் மனிதர் செத்தார், இன்னோர் இடத்தில் யானை செத்தது. இரண்டுக்கும் வேர் ஒன்று. விலங்கின் வழியில் மனிதர்கள் போய்ப் படுத்துக்கொள்வதுதான் அந்த வேர். சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளை அகற்றச் சொன்ன 2011-ஆம் ஆண்டுச் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததும் இந்தக் காரணத்தால்தான்.

அப்படியானால் காடே பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகப் பார்க்கலாம், பகலில், முறையான வழியில். 2024-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 மலையேற்றப் பாதைகள் திறந்துவிடப்பட்டன. இணையத்தில் முன்பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடு போய் வரலாம். அந்தக் காட்டை அறிந்தவர் உடன் வருகிறார், இருட்டுவதற்குள் எல்லோரும் வெளியே வந்துவிடுகிறார்கள். கூடாரம் காட்டுக்கு வெளியே, நடை காட்டுக்கு உள்ளே என்ற இந்தப் பிரிவினை குடும்பங்களுக்கு மிகவும் பொருந்தும். ஆனால் மலைப்பாதையில் நடந்துகொண்டே படம் எடுப்பது கடினம். பறவைப் படத்துக்கு வேண்டியது நடையைவிட இருப்பு. ஓரிடத்தில் அசையாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பவரைப் பறவைகள் மெல்ல மெல்ல அந்த இடத்தின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்ளும். அதற்கும் ஏரிக்கரைதான் வசதி.

பொங்கல் விடுமுறையும் பறவைக் காலமும்

நம் விடுமுறைப் பழக்கம் கோடையைச் சுற்றியே அமைந்துவிட்டது. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறோம். காட்டுயிர் பார்க்க அது நல்ல காலம் அல்ல. இலையுதிர் காடுகள் காய்ந்து கிடக்கும். காட்டுத்தீ அபாயத்தால் சில இடங்களில் சுற்றுலாவையே நிறுத்தி வைப்பதும் வழக்கம். பறவைக் காலமோ வடகிழக்குப் பருவமழையோடு பிறக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் ஏரிகள் நிரம்ப, மீனும் நத்தையும் தவளையும் பெருக, அந்த உணவை நம்பி நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் அந்தச் சமயத்தில்தான் இங்கே இருக்கும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் விழுவது இந்தக் காலத்தின் நட்டநடுவில். வெயில் தணிந்து, இரவு குளிர்ந்து, கூடாரத்தில் தூங்குவதற்கும் தமிழ்நாட்டுச் சமவெளியில் ஆண்டிலேயே ஏற்ற வாரங்கள் அவை. சூரியன் ஆறரை மணியளவில்தான் உதிப்பதால் பிள்ளைகளை நள்ளிரவில் எழுப்பவும் வேண்டாம்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று ஏறத்தாழ 40,000 நீர்நிலைகள் இருக்கின்றன. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை மட்டும் 20. இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. இவற்றில் வேடந்தாங்கலின் வரலாறு தனித்துவமானது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சிறு ஏரியில் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாவதை ஊர்மக்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுட வருகிறவர்களைத் தடுக்கவேண்டும் என்று அவர்கள் முறையிட, 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் எழுத்து மூலமாகவே அந்த உரிமையை வழங்கினார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன; இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளத்தில் இறங்குகின்றன. மனிதருக்குப் பழகிய பறவை இவ்வளவு அருகில் கிடைப்பதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாக அதைத் தொந்தரவு செய்யாத ஊர்மக்கள்.

பறவை மட்டும் போதாது, நான்கு கால் விலங்கும் வேண்டும் என்பவர்களுக்குக் கோடியக்கரை இருக்கிறது. வேதாரண்யத்தை அடுத்த இந்தக் கடல்முனையில் வெளிமானைக் காப்பதற்காக 1967-இல் சரணாலயம் அமைந்தது. 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமாகவும் ஆனது. திறந்த புல்வெளியில் மேயும் வெளிமான் கூட்டம், முறுக்கேறிய கொம்புடைய கருநிறக் கிடாக்கள், காட்டுக் குதிரைகளாகிவிட்ட பழைய வளர்ப்புக் குதிரைகள், நரி, காட்டுப்பன்றி எல்லாம் பகல் வெளிச்சத்திலேயே கண்ணில் படும். பக்கத்துச் சதுப்பில் பூநாரைகளும் எண்ணற்ற உள்ளான்களும். அடர்காட்டில் விலங்கு ஒரு நொடி தெரிந்து மறைந்துவிடும். புல்வெளியில் ஒரு மான் கூட்டத்தை ஒரு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். எது தலைமைக் கிடா, எது குட்டி, எது காவல் நிற்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். படமெடுப்பவருக்கும் கிடைப்பது விலங்கின் முகம் மட்டும் இல்லை, அதன் வாழ்க்கையே கிடைக்கிறது.

சில மறுப்புகள்

இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் கேமரா வேண்டாமா என்பது முதல் மறுப்பு. தூரத்தின் கணக்கைப் பார்ப்போம். முழு அளவுச் சென்சார் உள்ள கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் மாட்டி, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள மஞ்சள்மூக்கு நாரையை 20 மீட்டர் தூரத்தில் பார்த்தால், படத்தின் உயரத்தில் பெரும்பகுதியை அது நிரப்பிவிடும். அதே நாரை 40 மீட்டரில் இருந்தால் படத்தில் அதன் பரப்பு கால்பங்காகச் சுருங்கிவிடும். தூரம் பாதியானால் பறவை நான்கு மடங்காகும். அந்தப் பாதித் தூரத்தைப் பணத்தாலும் குறைக்கலாம், பொறுமையாலும் குறைக்கலாம். காத்திருந்து பறவையைத் தானே அருகில் வரவிடுபவருக்குப் பெரிய ஜூம் கொண்ட சாதாரணக் கேமரா போதும். இருநோக்கியின் கண்ணாடியில் கைப்பேசியைப் பொருத்திப் பிள்ளைகள் எடுக்கும் படமே ஒரு பறவையை இன்னதென்று அடையாளம் காணப் போதுமானது. மா. கிருஷ்ணன் (1912–1996) பல்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவில், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பாகக் கிடைக்கின்றன. விலங்கின் இயல்பை அறிந்து எடுத்த படம் கருவியின் குறையைத் தாண்டி நிற்கும் என்பதற்கு அவரே சான்று.

தெரிந்துகொள்ளவேண்டிய நுட்பமும் அதிகமில்லை. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் விநாடியில் 500-இல் ஒரு பங்கு இருந்தால் போதும். பறப்பதற்கு 2000-இல் ஒரு பங்கு வேண்டும். ஃபோகஸ் எப்போதும் கண்ணில் விழவேண்டும். கருத்த தண்ணீருக்கு எதிரே நிற்கும் வெண்கொக்கை எடுத்தால் கேமரா ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகின் கோடுகள் எல்லாம் வெளுத்துப்போகும். ஆகவே வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து வைக்கவேண்டும். காலையில் ஏரியின் கிழக்குக் கரையிலும் மாலையில் மேற்குக் கரையிலும் நின்றால் சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கும். நின்று எடுப்பதைவிட உட்கார்ந்து, பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கி எடுப்பது எப்போதும் மேல். வண்டிக்குள்ளிருந்து எடுப்பதும் நல்ல வழி. நடந்து வரும் மனிதரைக் கண்டு பறக்கும் பனங்காடையும் மீன்கொத்தியும் நின்றுகொண்டிருக்கும் காரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஜன்னல் விளிம்பில் அரிசியோ மணலோ நிரப்பிய ஒரு துணிப்பையை வைத்தால் அதுவே லென்ஸுக்குத் தாங்கி.

பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டிவிடும் என்பது அடுத்த மறுப்பு. சும்மா பார் என்று உட்காரவைத்தால் யாருக்கும் சலிக்கத்தான் செய்யும். வேலையைப் பிரித்துக் கொடுத்தால் நிலைமை மாறிவிடும். ஒரு பிள்ளை இருநோக்கியால் தேடட்டும், ஒரு பிள்ளை எண்ணட்டும், தாத்தாவோ பாட்டியோ பெயரைக் குறித்துக்கொள்ளட்டும், ஒருவர் படம் எடுக்கட்டும். ஊரில் வளர்ந்த பெரியவர்களுக்குக் கரிச்சான், கொண்டலாத்தி, ஆள்காட்டி, தாழைக்கோழி என்று பல பெயர்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். சுற்றுலாவில் பெரும்பாலும் சுமையாகக் கருதப்படும் அவர்கள் இங்கே ஆசிரியர்கள் ஆகிவிடுவார்கள். க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ தமிழிலேயே வழிகாட்டும். எண்ணியதை ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிவு செய்தால் அது அறிவியலுக்கே பயன்படும் தரவு. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஓரிடத்தில் கால்மணி நேரம் கவனித்து எண்ணினால் போதும். தான் எண்ணிய எண்ணிக்கைக்கு எங்கோ ஒரு மதிப்பு இருக்கிறது என்று அறியும் பிள்ளை அடுத்த நாள் தானே எழுந்துகொள்ளும்.

பாதுகாப்புப் பற்றிய மறுப்பை லேசாகத் தள்ள முடியாது. ஏரிக்கரை என்றால் பாம்பு, கொசு, கழிப்பறை ஆகிய மூன்று கவலைகளும் நியாயமானவை. கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்களைத் தூக்கத்திலேயே கடிப்பது அதன் கடிகளில் வழக்கமாகக் காணப்படுவது. எனவே அடித்துணி சேர்த்துத் தைத்த, முழுவதும் ஜிப்பால் மூடும் கூடாரமே வேண்டும். இல்லையென்றால் கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும். இருட்டியபின் டார்ச் இல்லாமல் ஓரடியும் எடுத்து வைக்கக் கூடாது. காலையில் செருப்பையும் ஷூவையும் உதறிவிட்டே போடவேண்டும். பாம்பு கடித்தால் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்டவரை அசையவிடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே சரியான வழி. கழிப்பறை வசதியுள்ள தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ தேர்ந்தெடுத்து, அதன் முற்றத்தில் கூடாரம் போட்டால் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சிரமம் இல்லை. மொட்டைமாடியில் கொசுவலைக்குள் படுத்தாலும் குறைவில்லை. நாம் தேடுவது விடியலுக்குப் பக்கத்தில் ஓர் இடம். மேலே துணியா ஓடா என்பது இரண்டாவது விஷயம்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: எல்லோரும் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிட்டால் பறவையின் கதி என்ன? இது உண்மையான ஆபத்து. கூட்டருகே மனிதர் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துபோய்விடும்; அந்த இடைவெளியில் காகம் முட்டையைக் கொத்திப்போகும், இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடிச் சாகும். மஞ்சள்மூக்கு நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதே அந்த வெயிலுக்கு அஞ்சித்தான். ஆகவே கூட்டைக் குறிவைத்துப் போய்ப் படம் எடுப்பதில்லை என்று குடும்பமே ஒரு முடிவுக்கு வரவேண்டும். வேடந்தாங்கல் போன்ற இடங்களில் பார்வையாளருக்கென உள்ள கரையிலிருந்து எடுப்பது மட்டும் விதிவிலக்கு. பறவைக் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும், இரவில் ஆந்தையின் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதும், பறக்கும் படத்துக்காகக் கல்லெறிந்தும் கைதட்டியும் கிளப்புவதும் கூடவே கூடாது. பறவை மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தி நம்மைப் பார்த்தால் அதோடு நின்றுவிடவேண்டும். எச்சமிட்டு உடலைத் தாழ்த்தினால் பறக்கப் போகிறது என்று பொருள், பின்வாங்கவேண்டும். இந்த எல்லைகளை மதித்தால் படத்தில் இழப்பு ஏதும் இல்லை. வயலில் நத்தையைப் பிளந்து தின்னும் நத்தைகுத்தி நாரையின் படம், கூட்டில் நிற்கும் நாரையின் படத்தைவிட நூறு மடங்கு சுவையானது. கூட்டம் ஓரிடத்தில் குவிவதற்கு மருந்தும் கையிலேயே இருக்கிறது: பெயர் பெற்ற நான்கைந்து சரணாலயங்களையே மொய்க்காமல், அவரவர் ஊர்ப் பக்கத்துக் கண்மாய்க்குப் போகலாம்.

கூடாரம் போடுவதற்கும் சில முறைகள் உண்டு. சரணாலய எல்லைக்குள் போடக் கூடாது. பட்டா நிலமானால் உரிமையாளரிடமும், பொது இடமானால் ஊராட்சியிடமும் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறவேண்டும். சரணாலயத்தை ஒட்டிய ஊரென்றால் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. வற்றிய ஏரியின் படுகை சமதளமாகக் கண்ணைக் கவரும், ஆனால் அங்கே போடக் கூடாது. ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வெறுந்தரையிலேயே முட்டையிடும். மண்நிற முட்டை மிதிபட்டுப் போகும். தென்னைக்கடியிலும் காய்ந்த கிளையுள்ள மரத்தடியிலும் வேண்டாம். விறகு பொறுக்கி அடுப்பு மூட்டுவதைவிடச் சிறிய கேஸ் அடுப்பு மேல். பாட்டு, ஸ்பீக்கர், இரவெல்லாம் எரியும் வெள்ளை விளக்கு எல்லாம் வீட்டோடு இருக்கட்டும். கொண்டுபோன பிளாஸ்டிக் முழுவதும் நம்மோடு திரும்பி வரவேண்டும். சாப்பாட்டையும் பாலையும் அந்த ஊரிலேயே வாங்கினால், பறவையால் தங்களுக்கும் ஒரு வருமானம் உண்டு என்று ஊர் உணரும். வேடந்தாங்கல் மக்களுக்கு அன்று உரநீர் தந்த காரணத்தை, இன்று வேறோர் ஊருக்கு இப்படியும் தரலாம்.

ஒரு ஏரியைக் காப்பாற்ற அரசு ஆணை மட்டும் போதாது. அதை அடிக்கடி வந்து பார்க்கிற கண்களும் வேண்டும். ஆக்கிரமிப்பும் குப்பையும் கழிவுநீரும் முதலில் நுழைவது யாரும் ஏறெடுத்துப் பார்க்காத நீர்நிலைகளில்தான். ஆண்டுதோறும் ஒரே கரையில் ஒரு குடும்பம் எடுக்கும் படங்களும் எழுதிவைக்கும் எண்ணிக்கையும் பத்து ஆண்டில் அந்த ஏரியின் ஆவணமாகிவிடும். எந்தப் பறவை குறைந்தது, எது வராமலே போனது என்று அதைக் கொண்டு சொல்ல முடியும். புலியைத் தேடிப் போகும் பயணத்தில் இது கிடைக்காது. வரும் பொங்கலுக்குச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள், ஊர்க் கண்மாயருகே இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். எண்ணியதைப் பதிவு செய்யுங்கள். எடுத்த படங்களில் நல்லவற்றை அச்சிட்டு, பறவையின் தமிழ்ப் பெயரோடு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.